திரீ மைல் ஐலண்ட்: வெப்பமானியை நம்பியிருக்க வேண்டுமா?

உலைக்கண்: 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் இரண்டாம் அணு உலையில், மூடாமல் நின்றுவிட்ட வால்வு வழியாகக் குளிர்விப்பு நீர் வெளியேறி, எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. எரிபொருளின் மேல்முனையில் இருந்த 52 தெர்மோகப்பிள்கள் (இருவேறு உலோகக் கம்பிகளின் இணைப்பில் வெப்பத்தால் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைச் சொல்லும் உணரிகள்) அந்த வெப்பத்தை உணர்ந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் 700 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் கணினி கேள்விக்குறியை மட்டுமே அச்சிடும். ஆகவே குறை உணரியில் இல்லை, அதை நம்பாதவர்களிடம்தான்.

உலோகன்: இது அநியாயமான தீர்ப்பு. அன்று காலை தொழில்நுட்பர்கள் வோல்ட்மீட்டரைக் கொண்டு தெர்மோகப்பிள்களின் மில்லிவோல்ட்டை நேரடியாக அளந்தபோது, சில 2300 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டின. சில 200 அளவில் நின்றன. ஒரே உலையில் இப்படி வந்தால் எந்தப் பொறியாளர் நம்புவார்? கடும் வெப்பத்தில் மின்காப்பு கெட்டு, இரு கம்பிகளும் வேறோரிடத்தில் இணைந்துவிட்டால், கருவி அந்த இடத்தின் வெப்பநிலையைத்தான் சொல்லும். நியூட்ரான்களும் சும்மா இருப்பதில்லை. டங்ஸ்டன்-ரீனியம் கம்பியில் டங்ஸ்டனே ரீனியமாகவும் ஆஸ்மியமாகவும் மாறி, அளவு விலகிப்போகும்.

உலைக்கண்: அந்த விலகல் நீண்டகாலக் கதிர்வீச்சில் சிறுகச் சிறுகச் சேர்வது, அங்கிருந்ததோ குரோமெல்-அலுமெல் என்ற நிக்கல் கலவைக் கம்பிகள். துல்லியம் என்ற பேச்சே இங்கு இடம் மாறிவிட்டது. 700 பாரன்ஹீட் என்பது 371 செல்சியஸ். அந்த உலையின் வழக்கமான இயக்க அழுத்தமான சுமார் 150 வளிமண்டலத்தில் நீர் 343 செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். எனவே எரிபொருளின் உச்சியில் மீவெப்ப நீராவிதான் (கொதிநிலையைத் தாண்டிச் சூடான நீராவி) இருக்கிறது, நீர் இல்லை என்பதை அந்தக் கேள்விக்குறியே சொல்லிவிட்டது. இருபது டிகிரி பிழை இருந்தாலும் முடிவு மாறாது.

உலோகன்: கணக்கு சரிதான். ஆனால் குழாய்களில் இருந்த பிளாட்டினம் மின்தடை வெப்பமானிகளின் அளவுகளும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தன. உலையிலிருந்து சூடான நீர் வெளியேறும் வெப்பக் குழாயின் அளவி அதன் உச்சமான 620-இலும், குளிர்ந்த நீர் உலைக்குத் திரும்பும் குளிர் குழாயின் அளவி அதன் அடிமட்டமான 520-இலும் முட்டி நின்றதால், சராசரிக் காட்டி 570 பாரன்ஹீட் என்று அசையாமல் காட்டியது. ஒழுங்காக நிற்கும் முள்ளை விட்டுவிட்டுத் தாறுமாறான மில்லிவோல்ட்டை யார் நம்புவார்?

உலைக்கண்: அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. எல்லையில் முட்டிய இரண்டு எண்களின் சராசரியை எப்படி அளவீடு என்பது? விபத்துக்குப் பின் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம், இந்தத் தெர்மோகப்பிள்கள் 2300 பாரன்ஹீட் வரை காட்ட வேண்டும் என்றுதான் வலியுறுத்தியது. ஒரு டிகிரித் துல்லியத்தைக் கேட்கவில்லை.

உலோகன்: எல்லையை நீட்டியது நல்லதே. ஆனாலும் அந்த உச்சத்தில் கம்பி பிழைத்திருக்கிறதா என்பதை எண்ணைப் பார்த்தே எப்படி அறிவீர்கள்? கடும் வெப்பத்தையும் நியூட்ரான்களையும் தாங்கும் மாலிப்டினம்-நையோபியம் கம்பி இரட்டைக்காக அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடம் இத்தனை பாடுபட்டது அதனால்தானே?