கனமூலம் வந்தால் ஐந்து நிமிடம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைப் பிள்ளை:

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. அரச வேலைக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கு முதல் தடவையாகத் தோற்றப் போகிறேன். மொழித் தாளில் பயமில்லை, உளச்சார்புத் தாள்தான் நித்திரையைக் கெடுக்கிறது.

நேற்றுக் கடை பூட்டி வந்த பிறகு ஒரு மாதிரி வினாத்தாளை மணிக்கூடு வைத்துச் செய்தேன். 39304 இன் கனமூலம் என்ன என்று ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் படித்தபடி முதன்மைக் காரணிகளாக உடைத்தேன். மூன்று 2 போய் 4913 மிஞ்சியது. அது 3 ஆல் போகவில்லை. 5, 7, 11, 13 எதனாலும் போகவில்லை. பிழையாக வகுத்துவிட்டேனோ என்று திரும்பவும் முதலில் இருந்து செய்தேன். ஐந்து நிமிடம் போய்விட்டது, கேள்வியை விட்டுவிட்டேன். விடையைப் பார்த்தால் 34. இன்னும் ஒரு படி போய் 17 ஆல் வகுத்திருந்தால் வந்திருக்கும். கல்குலேட்டர் இல்லாமல் இதைச் சீக்கிரம் செய்ய வழி தெரிந்த அண்ணா, அக்காமார் சொல்லித் தாருங்கள்.

நூறாம் நம்பர் பஸ்:

தங்கச்சி, காரணி உடைக்கும் முறையில் பிழை இல்லை. ஆனால் அது நேரம் இருக்கிறவர்களின் முறை. நான் இரண்டாவது தடவைதான் தேறினேன், அதனால் எங்கே நேரம் போகும் என்று நன்றாகத் தெரியும்.

முதலில் 1 முதல் 9 வரையான கனங்கள் மனதில் நிற்க வேண்டும்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729. இவற்றின் கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அதனால் கனத்தின் கடைசி இலக்கம் தெரிந்தால் மூலத்தின் கடைசி இலக்கமும் தெரிந்துவிடும். 2 இல் முடிந்தால் மூலம் 8 இல் முடியும், 8 இல் முடிந்தால் 2. அதேபோல 3 உம் 7 உம் இடம் மாறும். மற்ற எல்லா இலக்கமும் தானாகவே நிற்கும்.

இப்போது உங்கள் 39304. கடைசி இலக்கம் 4, ஆகவே மூலமும் 4 இல் முடியும். பிறகு கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறைத்துவிடுங்கள். 39 மிஞ்சும். அது 27 க்கும் 64 க்கும் இடையில், சின்னது 27, அதன் மூலம் 3. விடை 34. பேனை தேவையில்லை. 250047 ஐயும் இப்படியே பாருங்கள்: 7 என்றால் 3, 250 க்குக் கீழே 216, ஆகவே 63.

வர்க்கமூலத்தில் மறைப்பது இரண்டு இலக்கம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கடைசி இலக்கத்துக்கு இரண்டு விடை வரும். 4761 ஐ எடுங்கள். 1 இல் முடிவதால் மூலம் 1 இலோ 9 இலோ முடியும். 47 க்குக் கீழே 36, ஆகவே 6. அப்படியென்றால் 61 ஆ, 69 ஆ? 6 ஐ அடுத்த எண்ணான 7 ஆல் பெருக்குங்கள், 42. 47 அதைவிடப் பெரியது, ஆகவே பெரிய விடை, 69. பலர் தடுக்கி விழுகிற இடம் இந்தப் பெருக்கல்தான். காரணம் தெரிந்தால் மறக்காது: 65 இன் வர்க்கம் 4225, அதன் முன்பாதிதான் அந்த 42.

பழக்கத்துக்குப் புத்தகம் தேடவேண்டாம். நான் தெஹிவளையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை வரை போகிறவள். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் முன்னால் நிற்கும் வாகனங்களின் இலக்கத் தகடுகளைப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் நான்கு இலக்கம். நிறைவர்க்கமா இல்லையா, இல்லையென்றால் எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் என்று பச்சை விழுவதற்குள் சொல்லிப் பார்ப்பேன். 2, 3, 7, 8 இல் முடியும் தகட்டை உடனே ஒதுக்கிவிடலாம், நிறைவர்க்கம் ஒருநாளும் அப்படி முடியாது. மூன்று மாதம் இப்படிப் போனேன், வேறொன்றும் விசேஷமாகச் செய்யவில்லை.

பழைய கணக்கு வாத்தியார்:

மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். இந்த வழி நிறைகனத்துக்கும் நிறைவர்க்கத்துக்கும் மட்டுமே. 39314 ஐக் கொடுத்தாலும் இதே வழியில் 34 தான் வரும், ஆனால் அது கனமே இல்லை. "இவற்றுள் நிறைகனம் எது" என்ற கேள்வியில் பிள்ளைகள் மாட்டுவது இதில்தான்.

இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 3+9+3+1+4 = 20, திரும்பக் கூட்டினால் 2. நிறைகனத்துக்கு இப்படி 1, 8, 9 மட்டுமே வரும். நிறைவர்க்கத்துக்கு 1, 4, 7, 9. வேறு ஏதும் வந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிடுங்கள். ஆனால் இதில் தப்பிய எண் எல்லாம் நிறைகனம் என்று முடிவுகட்டக் கூடாது, பெருக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

தசமத்திலும் கவனம் வேண்டும் மகள். 0.09 இன் வர்க்கமூலம் 0.3. 0.9 இன் வர்க்கமூலம் 0.3 இல்லை, ஏறக்குறைய 0.95. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் புள்ளி இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தைப் பிள்ளை:

அக்கா, இன்று மத்தியானம் கடைக்கு முன்னால் நின்ற ஓட்டோவின் இலக்கம் 7056. 70 க்குக் கீழே 64, ஆகவே 8. கடைசி 6, எனவே 84 அல்லது 86. 8 ஐ 9 ஆல் பெருக்கினால் 72, 70 அதைவிடச் சின்னது, ஆகவே 84. பில் கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கியும் பார்த்தேன், சரியாக 7056. அவ்வளவு சந்தோஷம்!

வாத்தியார் சேர், இன்னொன்று. நிறைவர்க்கம் இல்லாத 150 போன்ற எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால்? வகுத்தல் முறை எனக்குப் பாதியில் குழம்புகிறது.

பழைய கணக்கு வாத்தியார்:

பக்கத்து நிறைவர்க்கத்தைப் பிடியுங்கள். 144, அதன் மூலம் 12. 150 இல் மிச்சம் 6. அந்த 6 ஐ 12 இன் இரண்டு மடங்கான 24 ஆல் வகுத்தால் 0.25. ஆகவே 12.25. உண்மைப் பெறுமதி 12.247. நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்ய இது தாராளம். விடை எப்போதும் உண்மையைவிட ஒரு துளி கூடத்தான் வரும், அதையும் மனதில் வைத்திருங்கள்.

இப்போது 200 ஐ நீங்களே செய்து இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன். 196 இல் தொடங்குங்கள்.