தைப்பிங் ஏரிப் பூங்கா: அம்மாவை அழைத்துப் போகலாமா?

பினாங்கு வாசி:
வணக்கம். பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் தைப்பிங் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கூடவே எட்டு வயதுப் பையன். ஏரிப் பூங்காவில் நடப்பது சிரமமா? எந்த நேரத்துக்கு வந்தால் நல்லது?

தைப்பிங்காரன்:
காலை ஏழரைக்கே வந்துவிடுங்கள் தங்கச்சி. மதியத்துக்கு மேல் இங்கே வெயிலை நம்ப முடியாது. மலேசியத் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் இது. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று லாருட் மலையில் முட்டி நம் தலையில் கொட்டிவிடும்.

தரை சமம், அம்மா தாராளமாக நடக்கலாம். தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் கரைக்கு முதலில் போங்கள். வேர் சாலைக்கு இந்தப் பக்கம், கிளை சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் ஏரித் தண்ணீரைத் தொடும். நூறு வருஷத்துக்கு மேலான மரங்கள். கிளை முழுக்கப் பாசியும் பெரணியும். சாயங்காலம் இலையெல்லாம் மடங்கிவிடும், பையனுக்குச் சொல்லுங்கள்.

அவனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தானாக உண்டான ஏரி இல்லை, ஈய லம்பம், அதாவது வெள்ளீயம் எடுத்த சுரங்கம். சீனத் தொழிலாளிகள் மண்வெட்டியும் கூடையுமாகத் தோண்டிய குழிகள். ஈயம் தீர்ந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. 1880-இல் அதைப் பூங்காவாக்கினார்கள், நாட்டின் முதல் பொதுப்பூங்கா. இதே ஈயத்துக்காக 1861-இலிருந்து 1874 வரை கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கத்தார் இந்த லாருட் வட்டாரத்தில் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். பூங்காவை அமைத்த வெள்ளைக்கார அதிகாரிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குழி வெட்டியவர்களைத்தான் முதலில் பேச வேண்டும் என்பேன்.

பினாங்கு வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. படகு உண்டா? மிருகக்காட்சி சாலை பக்கத்தில்தானே?

கமுண்டிங் அக்கா:
அன்னப் படகு இருக்கிறதம்மா. ஆனால் காலால் மிதிக்க வேண்டும், அம்மா கரையிலேயே உட்காரட்டும். மிருகக்காட்சி சாலை பூங்காவை ஒட்டியே இருக்கிறது, 1961-இல் திறந்தது. இரண்டையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள், பெரியவர்கள் களைத்துப்போவார்கள்.

தைப்பிங்காரன்:
அக்கா சொல்வது சரி. ரயிலில் வருகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: மலாயாவின் முதல் ரயில் 1885-இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது, ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. தண்டவாளம் போட்டதில் சிலோனிலிருந்து வந்த தொழிலாளர் படைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம், ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்கு அம்மாவை நடக்க வைக்காதீர்கள், கிராப் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.