நான்கு பக்கமா, 448 பக்கமா?

கல்லடிப் பாலத்தடி:
தேநீர்க் கடையில் நேற்றும் அதே சண்டை. "முல்லர் விசாரணையே டிரம்ப் சுத்தம் என்று சொல்லிவிட்டது" என்கிறார் என் மச்சான். 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரித்த முல்லரின் 448 பக்க அறிக்கையில் அப்படி இல்லையே. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஆரையம்பதி டீச்சர்:
அறிக்கையிலிருந்து அல்ல தம்பி, கடிதத்திலிருந்து. 2019 மார்ச் 24 அன்று அமெரிக்கச் சட்டமா அதிபராக இருந்த வில்லியம் பார் நான்கு பக்கக் கடிதத்தில் அறிக்கையின் முடிவுகளைச் சொன்னார். அறிக்கையின் ஒரு வாக்கியத்தில், டிரம்பின் பிரசாரக் குழு ரஷ்ய அரசுடன் சதி செய்ததாக நிறுவப்படவில்லை என்ற பின்பாதியை எடுத்தார். ரஷ்யா திருடி வெளியிட்ட தகவல்களால் தேர்தலில் நன்மை வரும் என்று பிரசாரக் குழு எதிர்பார்த்தது என்ற முன்பாதியை விட்டுவிட்டார். என் மாணவன் இப்படி மேற்கோள் காட்டினால் புள்ளி கிடைக்காது! மூன்றே நாளில் முல்லர் ஆட்சேபித்து எழுதினார். அது வெளியே தெரிந்தது ஏப்ரல் 30 அன்றுதான்.

கோட்டைமுனை வாசகன்:
டிரம்பைக் "குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை" என்ற வரி பாரின் கடிதத்திலும் இருந்தது, டீச்சர். முழுப் பொய் என்பது அநியாயம்.

ஆரையம்பதி டீச்சர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரம்ப் அன்றே "முழு விடுதலை" என்று முழங்கிவிட்டாரே, அந்த வரி யார் காதில் விழும்? 2020 மார்ச்சில் நீதிபதி ரெஜி வால்டனும் பாரின் கூற்றுகள் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டித்தார். வால்டனை நியமித்ததும் ஒரு குடியரசுக் கட்சி ஜனாதிபதிதான்.

கல்லடிப் பாலத்தடி:
அறிக்கை வெளியானது 2019 ஏப்ரல் 18, பெரிய வியாழன். ஞாயிறன்று இங்கே மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அந்த வாரம் நாங்கள் யார் அமெரிக்கச் செய்தி படித்தோம்? மச்சானுக்கு அந்த முன்பாதியை இன்று மாலை வாசித்துக் காட்டுகிறேன். தேநீர்க் காசு அவருடையது.