நிலா வெளிச்சத்துக்கு இரண்டு எல்இடி போதும்

சென்னை, நன்னீர்த் தொட்டி

மூன்றடி மீன் தொட்டி. ஆறு ஏஞ்சல், ஒரு டஜன் நியான் டெட்ரா, அடியில் நாலு கூலி லோச். ராத்திரி பத்து மணிக்கு டைமர் லைட்டை அணைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். ஏஞ்சல் ஏதாவது ஒன்று மிரண்டு போய்க் கண்ணாடியில் மோதும் சத்தம் அது. காலையில் பார்த்தால் உதட்டோரம் வெள்ளையாகச் சிராய்த்திருக்கும். மீனுக்கு இமை கிடையாது, இருட்டுக்குக் கண் பழகவும் நேரம் ஆகும். பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தை ஒரு நொடியில் பிடுங்கிவிட்டு அது அமைதியாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

அதனால்தான் பெரிய லைட் அணைந்த பிறகும் மங்கலாக எரிகிற நிலா லைட் ஒன்று செய்ய உட்கார்ந்தேன். ரிச்சி தெருவில் 5 மி.மீ. நீல எல்இடி 12, மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், 12 வோல்ட் அடாப்டர் எல்லாம் வாங்கி வந்தேன். கணக்கு சுலபம்தான். நீல எல்இடி ஒன்றுக்கு 3.2 வோல்ட் போல வேண்டும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9.6. மீதி 2.4 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 120 ஓம். ரெசிஸ்டரின் நிறக்கோடுகள் பழுப்பு, சிவப்பு, பழுப்பு. இப்படி நாலு வரிசை. நீளக் கால் பாசிட்டிவ், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். முதல் தடவையே எரிந்துவிட்டது.

ஆனால் அது நிலா வெளிச்சமாக இல்லை. கூடமே கல்யாண மண்டபத்து சீரியல் செட் போட்ட மாதிரி நீலமாகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஒரு வாரம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தொட்டிப் பக்கம் போனேன். நியான்களின் நீலக்கோடு பகல் மாதிரியே பளிச்சென்று இருந்தது. நியான் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நல்ல இருட்டில் அந்தக் கோடு மங்கி, ஊதாச் சாயல் ஏறி, மீனே சாயம் போனது போலத் தெரியும். என் தொட்டியில் அது நடக்கவே இல்லை. கூலி லோச் நாலும் மரக்கட்டைக்கு அடியிலேயே கிடந்தன. ராத்திரி மேய்கிற மீனுக்கு நான் ராத்திரியே வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பௌர்ணமி நிலா நடுவானில் இருந்தாலும் தரைக்கு வருவது கால் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். சுமார் நாலு லட்சம் மடங்கு வித்தியாசம். இன்னொன்று, நிலா வெளிச்சம் உண்மையில் நீலமே இல்லை. அது சூரிய ஒளியைவிடக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. மங்கிய ஒளியில் நம் கண் நீலப்பச்சைக்குத்தான் கூர்மையாக இருக்கிறது, அதனால்தான் நமக்கு நீலமாகப் படுகிறது. பர்கின்யே விளைவு என்பார்கள். ஆக, நீல எல்இடி நம் கண்ணின் திருப்திக்குத்தான். மீனுக்கு முக்கியம் அளவு.

குறைக்க ஆரம்பித்தேன். 12 ஆறானது, ஆறு இரண்டானது. அப்போதும் அதிகம். கடைசியில் இரண்டு எல்இடியைத் தொடராக வைத்து 4.7 கிலோ ஓம் போட்டேன் (மஞ்சள், ஊதா, சிவப்பு). ஒன்றரை மில்லி ஆம்பியர்கூட ஓடாது. சோதிக்கும் முறை இதுதான்: அறை விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்குப் பிறகு பார்க்கும்போது மீனின் உருவம் தெரிய வேண்டும், நிறம் தெரியக் கூடாது. நிறம் தெரிந்தால் இன்னும் அதிக ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

எல்இடி முனையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கச் சொல்வார்கள். வேண்டாம். ஒளி ஒரே புள்ளியிலிருந்து வந்தால்தான் தண்ணீரின் மேல் ஓடும் சிற்றலை அடி மணலில் கோடு கோடாக நெளியும். பன்னிரண்டு எல்இடி இருந்தபோது அந்த நெளிவு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலைந்து போயிருந்தது. இரண்டையும் ஒட்டினாற்போல் முன்பக்க மூலையில் வைத்தேன். பின்மூலை இருட்டாகவே இருக்கட்டும், ஒதுங்க நினைக்கிற மீனுக்கு இடம் வேண்டும்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சால்டர் வைத்த இடத்தைத் தொட்டி ஒட்டுகிற சிலிக்கானாலேயே மூடினேன். காடி வாசனை அடிக்குமே, அதே வகை. அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது, செம்பை அரிக்கும். நாலு மாதத்தில் ஒரு எல்இடி விட்டுவிட்டு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் கம்பி நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழேதான் தண்ணீர். என் தொட்டியில் இறால் இல்லை. செர்ரி இறால் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள், செம்பு இறாலுக்கு விஷம். இப்போது சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் அந்த வாசனை இல்லாத நியூட்ரல் சிலிக்கான்.

அடாப்டர் எப்போதும் தொட்டிக்கு வெளியே. பிளக்குக்குப் போகிற வயர் ஓரிடத்தில் பிளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கொளத்தூர், ஏஞ்சல் வளர்ப்பு

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறாய். நான் ஏஞ்சல் ஜோடி போட்டுக் குஞ்சு எடுப்பவன். எங்களுக்கு இது அழகுக்காக இல்லை, முட்டைக்காக.

ஜோடி முட்டை வைத்ததும் ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிய இரண்டரை நாள் போல ஆகும். அந்த இரண்டு, மூன்று ராத்திரிதான் ஆபத்து. கும்மிருட்டில் யாராவது கதவைச் சாத்தினால்கூட ஜோடி மிரண்டு முட்டையைத் தின்றுவிடும். காலையில் முட்டை ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டு வழித்த மாதிரி சுத்தமாக இருக்கும். எத்தனையோ தடவை அப்படி நின்று பார்த்திருக்கிறேன். முன்னாடி ஜீரோ வாட் பல்பு போட்டோம், அது கொஞ்சம் அதிகம். இப்போது ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு எல்இடி, அதுவும் வெள்ளை. முட்டை எது, பூஞ்சை பிடித்தது எது என்று டார்ச் அடிக்காமல் எனக்கும் தெரிய வேண்டாமா. குஞ்சு நீந்த ஆரம்பித்ததும் எடுத்துவிடுவேன்.

ஒன்று சேர்த்துக்கொள். கரண்ட் போனால் உன் நிலாவும் போய்விடும், திடீர் இருட்டுத் தொல்லை திரும்ப வரும். நான் பழைய யூபிஎஸ் பேட்டரி ஒன்றில் போட்டிருக்கிறேன், 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் (Ah). நீ சொல்கிற ஒன்றரை மில்லி ஆம்பியருக்கு அது மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் சார்ஜில் இருக்கும்போது 13.8 வோல்ட் வரை ஏறும், கணக்கை அதை வைத்துப் போடு. பாசிட்டிவ் முனையிலேயே ஒரு சின்ன ஃப்யூஸ் கட்டாயம். பேட்டரி சின்னதுதானே என்று விட்டுவிடாதே, ஷார்ட் ஆனால் வயர் பழுக்கக் காய்ந்துவிடும்.

சிங்கப்பூர், கடல் தொட்டி

வணக்கம். என்னுடையது பவளத் தொட்டி. இங்கே நிலா வெளிச்சத்துக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. எத்தனையோ பவள இனங்கள் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் விடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிங்கப்பூர்க் கடலிலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கிறது. பவளத்துக்குக் கண் இல்லை. ஆனால் நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் புரதங்கள் அதற்கு இருப்பதாக 2007இல் ஆய்வு வந்தது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் தண்ணீரின் வெப்பம், பகல் நீளம், நிலா மூன்றையும் கடலில் உள்ளது போலவே அமைத்து 2013இல் தொட்டிக்குள் பவளத்தை முட்டையிட வைத்தார்கள். எல்லா ராத்திரியும் ஒரே நிலா எரிந்தால் பவளத்துக்கு அது என்ன தேதி சொல்லும்?

நான் செய்தது எளிய வழி. சிம் லிம் டவரில் ஐந்து நிலை ரோட்டரி சுவிட்ச் ஒன்று வாங்கினேன். முதல் நிலையில் ஒன்றும் இல்லை. பிறகு 47, 22, 10, 4.7 கிலோ ஓம். சுவிட்சுக்கு மேலே எங்கள் தினசரி காலண்டர் தொங்குகிறது. அம்மா காலையில் தாள் கிழிக்கும்போது வளர்பிறையா தேய்பிறையா பார்த்து மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு பல் திருப்புவார். அமாவாசை அன்று 'இன்றைக்கு மீனுக்கு நிலா இல்லை' என்று சொல்லி அணைத்துவிடுவார். ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகையை வைத்து நிலாவின் 29.53 நாள் சுழற்சியைத் தானாக ஓட்டலாம், பலர் செய்கிறார்கள். அம்மா திருப்புவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

என் தொட்டியில் பவளம் இதுவரை முட்டையிடவில்லை. வெப்பத்தை நான் மாற்றுவதில்லை, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அமாவாசை ராத்திரிகளில் பவளங்கள் இரை தேடி உணர்கொம்பு நீட்டுவது மற்ற நாளைவிட நன்றாகத் தெரிகிறது.

சென்னை, மறுபடியும்

அண்ணா, பேட்டரிக்கு மாற்றிவிட்டேன், ஃப்யூஸும் போட்டாயிற்று. நேற்று ராத்திரி எங்கள் தெருவில் முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை. 'டப்' சத்தம் வரவில்லை.

சிங்கப்பூர் அக்காவோ அண்ணனோ, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், நானும் இந்த அமாவாசைக்கு முழுக்க அணைத்துப் பார்த்தேன். லைட்டை ஒரேயடியாக அணைக்காமல், நிலாவை முன்கூட்டியே போட்டு, அரைமணி கழித்து அதையும் எடுத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை, மணல் கிளறுகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. போன் திரையை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். கூலி லோச் நாலும் கண்ணாடி ஓரம் வரை வந்திருந்தன, மீசையை மணலில் ஊன்றி, பக்கத்தில் பக்கத்தில்.