தங்கச்சிமடத்திலிருந்து பாட்டு வகுப்பு: சங்கீதம் தெரியாத தகப்பன் ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: தங்கச்சிமடத்துத் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வயது 11. எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இரண்டு ஆண்டுகளாகப் பாடுகிறாள். கர்நாடக இசையை முறையாகக் கற்க வேண்டும் என்று அவளே கேட்கிறாள். மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் எனக்கோ, என் மனைவிக்கோ ஸ்வரம் எது, தாளம் எது என்று தெரியாது.

இப்போது எங்கள் முன் மூவர் இருக்கிறார்கள். ஒருவர் இராமநாதபுரத்தில் தம் வீட்டிலேயே வகுப்பெடுக்கும் வயதான ஆசிரியை. வாரத்தில் ஒரு நாள்தான் வரச் சொல்கிறார், பேருந்தில் போய்வர அரை நாள் போய்விடும். இன்னொருவர் கச்சேரி செய்பவர், சென்னையிலிருந்து இணையவழியில் கற்பிக்கிறார். மூன்றாமவர் எங்கள் ஊருக்கே கீபோர்டு கொண்டுவந்து சொல்லித்தரும் இளைஞர். ஆறு மாதத்தில் மகளை மேடையேற்றிவிடுவதாகச் சொல்கிறார். என்னைப் போன்றவர் எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: குரலிசை ஆசிரியை, இராமநாதபுரம்

ஐயா, நீங்கள் குறிப்பிடும் ஆசிரியை வேறொருவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூவரிடமும் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரை அப்போதே விட்டுவிடலாம். ஆசிரியர் பாடும் அழகில் மயங்கிவிடாமல், பிள்ளை பாடும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

ஓர் அடையாளம் சொல்கிறேன், இதற்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் பயிற்சியான ஸரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்குவோம். அதில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ஸ) ஒட்டியே நிற்கும்; அங்கிருந்து காந்தாரத்துக்கு (க) ஒரு பெரிய தாவல் இருக்கும். தேவாலயப் பாடல்களில் பல, நம் சங்கராபரண ராகத்தை ஒத்த மேற்கத்திய ஸ்கேலில் அமைந்தவை என்பதால், அவற்றில் ஊறிய பிள்ளைக்கு ரிஷபம் தானாகவே சற்று மேலேறிவிடும். உங்கள் மகளுக்கும் முதல் வாரத்தில் இது நடக்கும் என்றே நினைக்கிறேன். அக்கறையுள்ள ஆசிரியர் அந்த இடத்திலேயே நிறுத்தி, "ஸ ரி, ஸ ரி" என்று இரண்டே ஸ்வரங்களைச் சலிக்காமல் பாடவைப்பார். அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிசைக்குப் போகிறவரிடம் படித்தால், வரிசைகளை முடித்துக் கீதம் என்னும் எளிய பாட்டுக்கு வரும் காலத்தில் அந்தப் பிசகு குரலில் உறைந்துபோயிருக்கும்.

மேடை வாக்குறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளையும் ஏழு தாள அலங்காரங்களையும் மூன்று காலத்தில் (வேகத்தில்) பாடி முடித்துக் கீதத்துக்கு வருவதற்கே பல பிள்ளைகளுக்கு ஓராண்டு ஆகிவிடுகிறது. ஆறு மாதத்தில் மேடையேறும் பிள்ளை, மனப்பாடம் செய்த இரண்டு பாட்டைத்தான் பாடும். கீபோர்டும் அப்படித்தான்: நின்று ஒலிக்கும் ஸ்வரத்தைக் காட்டுமே தவிர, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் குரல் வளைந்து போகும் கமகத்தைக் காட்டாது.

பதில்: மண்டபத்திலிருந்து ஒரு தாய்

மேலே எழுதிய அம்மா சுருதியைப் பற்றிச் சொல்லாததால் நான் எழுதுகிறேன். என் மகன் படித்த இடத்தில் ஆண், பெண் அனைவரையும் ஆசிரியர் தமக்கு வசதியான ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதி உயரத்தில், பாடவைத்தார். 13 வயதில் மகனுக்குக் குரல் உடையத் தொடங்கியபோதும் கட்டையை இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க மேல் ஸட்ஜத்தை எட்டிப் பிடிப்பான், வீட்டுக்கு வந்தால் பேச்சே கரகரக்கும். எங்களுக்கும் அது புரியாமல், இன்னும் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய் என்று அவனையே கடிந்துகொண்டோம். இரண்டு ஆண்டில் பாட்டையே விட்டுவிட்டான். முதல் நாளிலேயே பிள்ளையின் கீழ்க்குரலும் மேற்குரலும் எதுவரை போகின்றன என்று பாடவைத்துப் பார்த்துக் கட்டையை முடிவுசெய்கிறாரா என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

இணைய வகுப்பில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது; தாளம் ஒருவருக்கொருவர் விலகிப்போகும். அடிப்படை நிலைபெற்ற பிறகு அது பயன்படலாம்.

பதில்: இசைப்பள்ளியின் முன்னாள் மாணவர்

நம் மாவட்ட அரசு இசைப்பள்ளியை யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், தேவாரம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு அங்கே இருக்கிறது. 12 வயது நிறைய வேண்டும். குரலிசைக்கு ஏழாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வகுப்பு நேரம் பள்ளி நேரத்தோடு மோதுமா என்பதை மட்டும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரையில் நல்ல ஆசிரியர் கிடைப்பாரா என்ற தயக்கம் வேண்டாம். புகழ்பெற்ற பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் குருவாகக் கொண்ட பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் நம் இராமநாதபுரத்துக்காரர். மிருதங்கத்தில் முருகபூபதியும் குரலிசையில் இராம்நாடு கிருஷ்ணனும் இந்த ஊரின் பெயரைச் சுமந்தவர்கள்தாம். அரியக்குடியும் பூச்சி ஐயங்காரிடம் வந்து சேர்வதற்கு முன் வேறு ஆசிரியர்களிடம் பயின்றவரே. ஆகவே இப்போது ஒருவரிடம் சேர்த்துவிட்டு, பின்னர் மாற்ற நேர்ந்தால் அதைத் துரோகமாக நினைத்து மருக வேண்டியதில்லை; சொல்லிக்கொண்டு விடைபெற்றால் போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கீபோர்டு இளைஞர், பெற்றோர் உட்கார்ந்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று மறுத்துவிட்டார். சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு இராமநாதபுரத்து ஆசிரியையிடம் போனேன். கூடத்தில் பாய் விரித்து நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மகளைத் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி முழுவதும் கேட்டார், பிறகு சுருதிப்பெட்டியை இரண்டு முறை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து கட்டையில் நிறுத்தினார். நீங்கள் சொன்னபடியே ரிஷபத்தில்தான் மகள் மாட்டினாள். பத்துப் பன்னிரண்டு முறை திரும்பப் பாடவைத்தும் அந்த அம்மாவின் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அது சரியாக விழுந்தபோது, "இதுதான், இந்த இடத்தை விடாதே" என்று மட்டும் சொன்னார். முதலில் பாடியதற்கும் கடைசியில் பாடியதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, மகளுக்குத் தெரிந்திருக்கிறது; பாம்பன் பாலம் ஏறும்வரை பேருந்தில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வரும் சனிக்கிழமை முதல் அங்கேயே சேர்க்கிறேன். மற்ற ஆறு நாளும் வீட்டில் சாதகம் செய்ய அவளுக்கு ஒரு சுருதிப்பெட்டி வேண்டும்: கைபேசிச் செயலியே போதுமா, தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: குரலிசை ஆசிரியை, இராமநாதபுரம்

இப்போதைக்குச் செயலியே போதும், ஐயா. ஆனால் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ) சரியாகக் கேட்காது. ஒரு சிறிய ஸ்பீக்கரில் இணைத்து, ஐந்து கட்டையில் வைத்துக்கொடுங்கள்.