பழைய ஸ்விஃப்டை ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) ஆக்கலாமா? தாண்டிக்குடி ஏற்றத்துக்காகக் கேட்கிறேன்

தாண்டிக்குடி மிளகு:
2006 மாடல் ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். அப்பா வாங்கியது. வீடு மதுரையில், தாண்டிக்குடிக்குக் கீழே 3 ஏக்கரில் மிளகும் காப்பியும் இருக்கின்றன. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி வழியாகத் தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ரோட்டை விட்டுத் தோட்டத்துக்கு ஏறும் கடைசி 400 மீட்டர்தான் பிரச்சினை. களி கலந்த செம்மண், நடுவில் புல். ஐப்பசி, கார்த்திகை மழையில் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. போன வாரம் உர மூட்டைகளை இறக்கித் தலையில் தூக்கிக்கொண்டு போனோம்.

இதே ஸ்விஃப்டை ஜப்பானில் ஃபோர் வீலாகவும் விற்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஸ்டியரிங் வலது பக்கம்தான். அந்தச் சாமான்களை வரவழைத்து இதில் ஏற்ற முடியுமா? விற்றுவிட்டு ஜீப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வண்டியை நான் விற்கப்போவதில்லை.

கப்பலூர் லேத்:
முடியும் தம்பி. நான் இதே வண்டியில் செய்ததில்லை, ஆனால் 20 வருடமாகக் கியர் பாக்ஸ், ஷாஃப்ட் வேலைதான் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் சின்ன வண்டிக்கு ஃபோர் வீல் ஒன்றும் புதிதல்ல. ஃபியட் 1983-லேயே பாண்டாவில் செய்துவிட்டது. 965 சிசி, 48 குதிரை சக்தி, அவ்வளவுதான். சேற்றில் லீவரைப் போட்டால் பின் சக்கரமும் இழுக்கும், தாரில் எடுத்துவிட வேண்டும். 1986-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் சிங்க்ரோவில் அந்த லீவரும் கிடையாது, விஸ்கஸ் கப்ளிங் வைத்தார்கள். உள்ளே துளை போட்ட தகடுகளும் சிலிகான் திரவமும் இருக்கும். முன் சக்கரம் வழுக்கி, முன்னும் பின்னும் வேகம் மாறினால் அந்தத் திரவமே தகடுகளை இழுத்துப் பின்னால் சக்தி அனுப்பும். ஜப்பான் ஸ்விஃப்டிலும் அந்த முறைதான்.

உன் கியர் பாக்ஸில் பின்னால் சக்தி எடுக்க வழி கிடையாது. அதனால் சக்தியைத் திருப்பிப் பின்னால் அனுப்பும் பெவல் கியர் பெட்டியோடு அந்த ஊர் கியர் பாக்ஸையே முழுதாக வாங்க வேண்டும். அப்புறம் நீள ஷாஃப்ட், சென்டர் பேரிங், கப்ளிங், பின் சக்கரம் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், ஆக்சில், பெட்ரோல் டேங்க். சைலன்சர் குழாயை வளைத்து வேறு வழியில் கொண்டுபோக வேண்டும். எல்லாம் ஒரே வண்டியில் இருந்து கழற்றியதாக இருந்தால் பாதி தலைவலி குறையும்.

செக்கானூரணி ஜிப்ஸி:
அண்ணே சொன்னதில் மீதிப் பாதித் தலைவலி என்ன என்று நான் சொல்கிறேன். என் வண்டி மாருதி ஜிப்ஸி, ஜீப் வகை. அடியில் ஏணி மாதிரி சேசிஸ் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் பற்றவைத்துத் தொங்கவிடலாம். ஸ்விஃப்டுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, தகடுதான் உடம்பு. பின் டிஃபரென்ஷியலுக்கு இடம் வேண்டும் என்று ஸ்டெப்னி தொட்டியையும் தரையையும் வெட்டினால், பின்னால் இருந்து அடிபடும்போது சுமை தாங்கும் இடத்தையே வெட்டுகிறோம். 20 வருட வண்டியில் துரு எங்கே இருக்கிறது என்று வெட்டிப் பார்க்கும்வரை தெரியாது. சரி, எல்லாம் செய்தாயிற்று என்று வையுங்கள். ஷாஃப்டும் டிஃபரென்ஷியலும் தொங்கினால் தரைக்கும் வண்டியின் அடிக்கும் இருக்கிற இடைவெளியும் குறையும். உங்கள் பாதையில் நடுவில் புல் மேடு இருக்கிறது. சக்கரம் பிடித்தாலும் வயிறு தட்டி நிற்கும்.

கப்பலூர் லேத்:
வெட்டுவதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபோர் வீல் வண்டியின் பின் தரைத்தகடு முழுவதையும் வாங்கி, கம்பெனி வைத்த வெல்டிங் வரிசையிலேயே பிரித்துப் பொருத்த வேண்டும். ஒட்டுப் போடுகிற வேலை இதற்கு ஆகாது. அதைவிட நான் பயப்படுவது கியர் ரேஷியோவுக்கு, அதாவது பல் கணக்குக்கு. முன் பக்கமும் பின் பக்கமும் மொத்தக் கணக்கு ஒன்றாக வர வேண்டும். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் மாறி 5 சதவீதம் வித்தியாசம் வந்தாலே தார் ரோட்டில் முழு நேரமும் கப்ளிங் அரைபட்டுக்கொண்டே இருக்கும். கொடைரோடு தாண்டுவதற்குள் சூடேறித் திரவம் விரிந்து கப்ளிங் இறுகிவிடும். டயரும் நாலும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் பல பேர் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள்.

பழங்காநத்தம் சர்வேயர்:
இரண்டு பேரும் பட்டறைக்குள்ளேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் வெளியே வாருங்கள். 30 வருடம் இன்ஷூரன்ஸுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதியாகச் சொன்னது. எரிவாயு கிட், மாற்றுத்திறனாளிக்கான அமைப்பு போன்றவற்றுக்கு அனுமதியோடு வழி இருக்கிறது. தரையை வெட்டி டிரைவ் மாற்றுவது அந்த வகையில் வராது. 182A பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். மலையில் இறங்கும்போது எதிரே பைக்கில் வருகிற ஒருவர் மேல் மோதினால்? பாலிசி எந்த வண்டிக்கு எழுதப்பட்டதோ அந்த வண்டி இது இல்லை என்ற கேள்வி அங்கே வரும். அப்படி ஒரு குடும்பம் தோட்டத்தை விற்று நஷ்ட ஈடு கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டி 2006. 15 வருடம் முடிந்து 2021-ல் புதுப்பித்திருப்பீர்கள், 5 வருடத்தில் மறுபடி எஃப்.சி. வரும். அடியில் குனிந்து பார்க்கிற ஆய்வாளரிடம் அந்த ஷாஃப்டை என்னவென்று காட்டுவீர்கள்?

கப்பலூர் லேத்:
சட்டத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயர் மாற்றினால் போதும் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள், அதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். தட்டையான இடத்தில் இந்த வண்டியின் எடையில் சுமார் 60 சதவீதம் முன் சக்கரத்தில் இருக்கும். 4 அடிக்கு 1 அடி ஏறுகிற மேட்டில் 5, 6 சதவீதம் பின்னால் போய்விடும். மீதி 54. பின்னால் உர மூட்டை ஏற்றினால் 50-க்கும் கீழே. நனைந்த களியில் பிடிப்பு 0.35 என்று வைத்தால், பாதி எடை கொடுக்கும் இழுவை வண்டியின் மொத்த எடையில் 0.175 பங்கு. மேடு கேட்பது 0.25. எப்படி ஓட்டினாலும் ஏறாது. நாலு சக்கரமும் இழுத்தால் 0.35 முழுதாகக் கிடைக்கும், ஏறிவிடும். தம்பி ஆசைக்குக் கேட்கவில்லை, அவன் பாதை அதைத்தான் கேட்கிறது.

செக்கானூரணி ஜிப்ஸி:
அந்தக் கணக்கிலேயே பதிலும் இருக்கிறதே அண்ணே. கெட்டியான பட்டன் வைத்த டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கி, பிடிப்பு 0.5 ஆனால்? டிக்கி காலி என்றால் 54 சதவீதத்துக்கு 0.27 வருகிறது. ஏறும், மயிரிழையில். மூட்டையை முன் சீட்டில் வைக்கலாம். இல்லை என்றால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றலாம். அப்போது இழுக்கிற சக்கரம் கீழ்ப் பக்கம் வருவதால் எடை அதன் மேல் உட்காரும். எங்கள் பக்கத்தில் பழைய முன் சக்கர இழுவை வண்டிகளை ஈர மேட்டில் அப்படித்தான் ஏற்றினோம். 400 மீட்டர் முழுவதும் வேண்டாம், செங்குத்தான துண்டுக்கு மட்டும்.

மிளகு தம்பி, மேடு எவ்வளவு என்று யாருமே அளக்கவில்லை. முதலில் அதை அளந்து சொல்லுங்கள்.

தாண்டிக்குடி மிளகு:
சனிக்கிழமை கொத்தனாரின் ட்யூப் லெவலோடு போய் அளந்தேன். பெரும்பாலான இடத்தில் 10 மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான். ஓடை தாண்டி வளைகிற இடத்தில் மட்டும் 14 மீட்டர் நீளத்துக்கு, 10-க்கு 2.6. சிக்குவது எப்போதும் அங்கேதான். இத்தனை நாள் 400 மீட்டரும் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்வேயர் சார் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார்த்திகை மழைக்கு முன்னால் நாலு டயரும் மாற்றுகிறேன். அந்த 14 மீட்டருக்குச் சக்கரம் போகும் இரண்டு தடத்தில் மட்டும் கான்கிரீட் போடலாமா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டிருக்கிறேன். பாதை இரண்டு பேருக்கும் பொது.

கப்பலூர் லேத்:
அப்பா சொன்னால் சரி. ஆனால் கான்கிரீட்டை வழவழப்பாகப் பூசினால் அடுத்த மழையில் பாசி பிடித்துக் களியைவிட மோசமாகிவிடும். இறுகுவதற்கு முன்னால் ஈர்க்குமாறு வைத்துக் குறுக்கே ஆழமாகக் கோடு இழுக்கச் சொல். மேல் பக்கத்துத் தண்ணீர் தடத்தில் இறங்காமல் ஓடைக்குத் திருப்பி ஒரு வாய்க்காலும் வெட்டு. தடம் ஒவ்வொன்றும் இரண்டடி அகலம் வேண்டும், பக்கத்துக்காரர் டிராக்டர் வந்தாலும் விளிம்பு உடையக்கூடாது. அதற்குக் கம்பி எவ்வளவு என்று கொத்தனாரிடம் கேட்டுச் சொல், தடத்தின் படத்தையும் போடு.

செக்கானூரணி ஜிப்ஸி:
டயர் வாங்கும்போது அளவை மாற்றாதீர்கள், வீல் ஆர்ச்சில் உரசும். கார்த்திகையில் முதல் தடவை ஏறும்போது சொல்லுங்கள், ஜிப்ஸியோடு கயிறு எடுத்துக்கொண்டு வருகிறேன்.