சாவியாலயே கார் கூரைய மூட முடியுமா? எஸ்எல்கே வச்சிருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க

சுவாமிமலை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் பெங்களூருல ஒருத்தர்கிட்டேந்து மெர்சிடிஸ் எஸ்எல்கே 2007 மாடல் செகண்ட் ஹேண்டா வாங்குனேன். துணிக்கூரை கிடையாது, கெட்டிக் கூரைதான், உள்ள இருக்க ஸ்விட்ச்ச இழுத்துப் புடிச்சா ரெண்டா மடங்கி டிக்கிக்குள்ள போயி உக்காந்துக்கும். எங்கப்பா முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டுனவரு, கூரை இல்லாத கார்ல ஒரு தடவையாவது போகணும்னு நான் சின்னப் பையனா இருக்கறப்பவே சொல்லிட்டு இருப்பாரு, அவருக்காகத்தான் வாங்குனேன். ஆத்துல தண்ணி வந்ததுலேந்து சாயங்காலம் ஆனா திருவையாறு வழியா திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வருவேன், அந்தக் காத்துக்கு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு, பாக்கவே சந்தோஷமா இருக்கும்.

இப்ப விஷயம் என்னன்னா, போன ஞாயித்துக்கெழம கூரையத் தெறந்து வச்சி சீட்டெல்லாம் தொடச்சிட்டு நான் கொல்லப்பக்கம் போயிட்டேன், ஐப்பசி மழையப் பத்தி சொல்லணுமா, ரெண்டு நிமிஷத்துல இருட்டிக்கிட்டு வந்து கொட்டிருச்சு. அப்பா திண்ணையில சாவியோட இருந்தாரு, லாக் பட்டன அமுக்கிப் புடிச்சிருக்காரு, டிக்குனு லாக் ஆயி லைட்டு மின்னுச்சாம், ஆனா கூரையும் அசையல, கண்ணாடியும் ஏறல. திண்ணைக்கும் காருக்கும் முப்பது அடி இருக்கும். நான் ஓடி வர்றப்ப பாத்தா எழுபத்தி நாலு வயசு மனுஷன் ஒத்தக் குடைய சீட்டு மேல புடிச்சிக்கிட்டு தான் நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. மனசு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

உள்ள இருக்க ஸ்விட்ச்சுல கூரை நல்லா வேலை செய்யுது. திருச்சியில ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டுனேன், கூரை கண்ட்ரோல் மாடியூல் போயிருச்சு, எண்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. மாத்தலாமா? இந்த கார்ல சாவிலேந்து கூரைய மூடுற வசதி இருக்கா இல்லையான்னே தெரியல, வித்தவரும் ஒண்ணும் சொல்லல.

தஞ்சை_வயரிங்

தம்பி, பணத்த எடுத்துக் குடுத்துராத. உள்ள ஸ்விட்ச்சுல கூரை முழுசா தெறந்து முழுசா மூடுதுன்னா மாடியூல் உசுரோடதான் இருக்கு. மாடியூல் போனா ஸ்விட்ச்சுக்கும் அசையாது.

வசதி இருக்கு. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி தூரத்துலேந்து இல்ல. அந்தச் சாவிலேந்து ரெண்டு விதமா சிக்னல் போவும். லாக், அன்லாக் போறது ரேடியோ, அது திண்ணையில உக்காந்து அமுக்குனாலும் போயி சேரும், அதனாலதான் டிக்குனு சத்தம் கேட்டுச்சு. கூரையும் கண்ணாடியும் அந்த ரேடியோவுக்கு கேக்காது, அதுக்கு இன்ஃப்ராரெட், டிவி ரிமோட்டுல வர்ற அதே சமாச்சாரம். சாவியோட நுனியில கறுப்பா கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுலேந்து வரும். அத வாங்கிக்கிறது டிரைவர் பக்கக் கதவோட கைப்பிடியில இருக்கு. கைப்பிடிக்கு ஒரு மொழம் தூரத்துல நின்னு, நுனிய அதுக்கு நேராக் காட்டி, லாக் பட்டன அமுக்கி அமுக்குனபடியே புடிச்சிருக்கணும், கண்ணாடியும் கூரையும் முழுசா மூடுற வரைக்கும் விடக் கூடாது. கைய எடுத்தா எங்க இருக்கோ அங்கயே நின்னுரும். அன்லாக் பட்டன அதே மாதிரி புடிச்சா தெறக்கும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல நிறுத்தி வச்ச கார்ல ஏறுறதுக்கு முன்னாடி வெந்நீர் மாதிரி இருக்க காத்த வெளியேத்திக்கலாம், அதுக்காக வச்ச வசதிதான் அது.

சாவி நல்லா இருக்கான்னு பாக்கணும்னா போன் கேமராவ ஆன் பண்ணி சாவி நுனிய அதுக்கு முன்னாடி வச்சி பட்டன அமுக்குங்க, திரையில வெளிர் ஊதாவா மின்னும், வெறுங்கண்ணுக்கு தெரியாது. சில போன்ல பின்பக்கக் கேமரா அத வடிகட்டிரும், முன்பக்கக் கேமராவுல பாருங்க. மின்னலன்னா முதல்ல சாவி பேட்டரிய மாத்துங்க, எண்பதாயிரத்த அப்பறம் யோசிக்கலாம்.

மன்னார்குடி_மைனர்

வயரிங் அண்ணன் சொன்னது கரெக்ட். ஒண்ணு சேத்துக்கறேன். டிக்கிக்குள்ள ஒரு தடுப்புத் திரை இருக்கும், அத இழுத்து ரெண்டு பக்கமும் மாட்டியிருந்தாத்தான் கூரை தெறக்கும், இல்லன்னா ஸ்விட்ச்சுக்கே அசையாது. மடங்கி வர்ற கூரைக்கு இடம் இருக்கான்னு காருக்கு தெரியறதுக்குத்தான் அந்தத் திரை. சாமான் எல்லாம் திரைக்கு கீழதான் இருக்கணும். எங்க மாமா ஊருக்கு வந்துட்டு திரும்பறப்ப எல்லாரும் பாசத்துல தேங்காயும் வாழத்தாரும் டிக்கியில அமுக்கி ஏத்துவாங்க, திரை மேல தூக்கிட்டு நின்னுச்சுன்னா கூரை வந்து அது மேல உக்காரும், பின்னாடி கண்ணாடி நசுங்கிரும், மாத்துறது லேசுப்பட்ட செலவு இல்ல. அறுவடை நேரத்துல ரோட்டுல நெல்லு காய வச்சிருப்பாங்க, அந்தத் தூசும் பதரும் கூரை ஓரத்து ரப்பர்ல போயி ஒட்டிக்கும், ஈரத்துணியால தொடச்சிருங்க, இல்லன்னா மழையில ஒழுகும். தண்ணி வடியிற ஓட்டையில தென்னம்பூவும் வேப்பிலையும் அடைக்காமப் பாத்துக்குங்க.

சுவாமிமலை_பையன்

வயரிங் அண்ணே, ரொம்ப நன்றிண்ணே. இப்பதான் செஞ்சு பாத்தேன். முன்பக்கக் கேமராவுல லேசா மின்னுச்சு, பேட்டரி ரெண்டும் புதுசு போட்டதும் பளிச்சுனு மின்னுது. கைப்பிடிக்கு நேராக் காட்டி புடிச்சேன், கண்ணாடி ஏறுச்சு, டிக்கி பின்னாடி பக்கமா தெறந்துச்சு, கூரை எழுந்து வந்து மூடுச்சு. அப்பா நின்னு பாத்துட்டு இன்னொரு தடவ தெறடாங்கறாரு.

ஆனா நான் கேட்டது திண்ணையிலேந்து ஆச்சே. அவருக்கு முட்டி வலி, மழையில ஓட முடியாது. இணையத்துல தேடுனா தனியா ஒரு மாடியூல் மாட்டிக்கலாம், அத மாட்டுனா சாவி பட்டன ரெண்டு மூணு தடவ ஒரு வரிசையா அமுக்குனாப் போதும், தூரத்துலேந்தே கூரை தானா மூடிக்கும்னு போட்டிருக்கு. யாராவது மாட்டிருக்கீங்களா?

நாகை_உப்புக்காத்து

நான் மாட்டியிருந்தேன், வேற கம்பெனி கார், துணிக்கூரை. மாட்டுறது பெரிய வேலை இல்ல, காரோட கேன் லைன்ல, அதாவது காருக்குள்ள இருக்க கண்ட்ரோல் மாடியூலுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வயர்ல, சேத்துக்கும், லாக் அன்லாக் சிக்னல அது பாத்துக்கிட்டு கூரைக்கு கட்டளை குடுக்கும். நாலு மாசம் நல்லா ஓடுச்சு. வேளாங்கண்ணி பீச்சுல நிறுத்திட்டு அங்கேந்தே அமுக்குவேன், ஆளுங்க கூடி நின்னு பாப்பாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் வீட்டு மாடியிலேந்து மூடுறேன், அக்கா பொண்ணு அஞ்சு வயசு, காருக்கு அந்தப் பக்கம் நின்னு முன்கண்ணாடி சட்டத்து மேல ரெண்டு கையையும் வச்சி எட்டி உள்ள பாத்துட்டு இருந்திருக்கா, மேலேந்து பாத்தா அவ தெரியவே இல்ல. கூரை வந்து அடையிற இடம் சரியா அதுதான். எதிர்வீட்டு அக்கா கத்துன கத்துல புள்ள பயந்து கைய எடுத்துருச்சு. ஒரு ஜாண் தூரம்தான் இருந்துச்சுன்னு அவங்க சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. மறுநாளே மாடியூல்ல மூடுற வேலைய ஆஃப் பண்ணிட்டேன், தெறக்குறது மட்டும் வச்சிருக்கேன்.

ஜன்னல் கண்ணாடியில எதாவது தடுத்தா திரும்பி எறங்கும், கூரைய அப்படி நம்ப முடியாது, ஹைட்ராலிக் பம்ப்போட பலம் வேற. உங்க தெருவுல புள்ளைங்க உண்டா தம்பி? கார் புதுசா நின்னா சுத்தி வந்து தொட்டுப் பாக்காத புள்ள நம்ம பக்கம் எங்க இருக்கு.

தஞ்சை_வயரிங்

நாகை சார் சொன்னத நான் அப்படியே ஒத்துக்கறேன். கைப்பிடிக்கு பக்கத்துல வந்தாத்தான் வேலை செய்யும்னு வச்சதே அதுக்குத்தான். 22 செகண்டு ஆவும் அந்தக் கூரை முழுசா போறதுக்கு, அந்த 22 செகண்டும் நீங்க பக்கத்துல நின்னு விரல அமுக்கிப் புடிச்சிருக்கணும், எதாவது குறுக்க வந்தா விரல எடுத்தாப் போதும், நின்னுரும். தானா மூடுற மாடியூல்ல அந்த விரலு கிடையாது.

அமெரிக்காவுல பவர் விண்டோ, சன்ரூஃபுக்கு ஒரு பாதுகாப்பு விதி வச்சிருக்காங்க, தடுத்தாத் திரும்புற வசதி இல்லன்னா ரிமோட்டால மூடுறது 6 மீட்டர் தாண்டி வேலை செய்யக் கூடாது, நடுவுல மறைப்பு இருந்தா வேலை செய்யாத ரிமோட்டா இருந்தா 11 மீட்டர் வரைக்கும் விடலாம், ரெண்டுலயும் பட்டன அமுக்கிப் புடிச்சே இருக்கணும். வெறும் கண்ணாடிக்கே இவ்வளவு பாக்கறாங்க.

இன்னொண்ணு, மூடுறப்ப டிக்கி மூடி பின்னாடி நீளும், கூரை நல்லா மேல எழும்பும். போர்ட்டிகோவுலயோ கீத்துக் கொட்டகையிலயோ நிறுத்திட்டு தூரத்துலேந்து அமுக்குனா மூங்கில்ல இடிச்சு பெயிண்டோட போகும். எஞ்சின் ஓடாம நாலஞ்சு தடவ தெறந்து மூடுனா பேட்டரி எறங்கி பாதியில நின்னுக்கும், பாதியில நிக்கிற கூரையோட மழையில மாட்டுனா அது இன்னும் மோசம். அப்பாவுக்கு காட்டணும்னா எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்விட்ச்சுல காட்டுங்க.

குடந்தை_வெத்தல

கும்மோணத்துல தார்பாய் தைக்கிறவங்க இருக்காங்க, தெறந்த கார் மேல அப்படியே போடுற மாதிரி அளவெடுத்து ஒண்ணு தச்சிக்குங்க, ஓரத்துல கயிறு வச்சி. நான் டிராக்டருக்கு தச்சேன். சாரோட அப்பா மழை வந்தா இழுத்து விட்டுட்டு உள்ள போயிரலாம். ராத்திரி எலி ஏறாம பாத்துக்குங்க, வயக்காட்டு எலி வயர விடாது.

சுவாமிமலை_பையன்

எல்லாருக்கும் நன்றி. நாகை அண்ணன் எழுதுனத அப்பாவுக்கு படிச்சிக் காட்டுனேன், எதிர்வீட்டுப் பசங்க மூணு பேரு தெனம் இந்தக் கார சுத்தித்தான் வெளையாடுறாங்க, மாடியூல் வேணாம்டான்னு அவரே சொல்லிட்டாரு. ஒர்க்‌ஷாப்புக்கும் போன் பண்ணி வேணாம்னுட்டேன்.

இனிமே கார திண்ணைய ஒட்டி, டிரைவர் பக்கம் வீட்ட பாத்த மாதிரி நிறுத்தலாம்னு இருக்கோம். நேத்து நிறுத்திப் பாத்தேன், அப்பா கடைசிப் படியில தூண்ட புடிச்சிக்கிட்டு நின்னா கைப்பிடி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, மேல தாழ்வாரத்து ஓடு காருக்கு நேரா வரல, பின்னாடியும் நாலு அடி இடம் விட்டுட்டேன். சாவிய நீட்டி அமுக்கிப் புடிச்சாரு, மூடி முடிஞ்சதும் தூணுல சாஞ்சிக்கிட்டு கண்ணாடி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்தாரு. வெத்தல அண்ணே, தார்பாய் தைக்கிற கடை எந்தப் பக்கம் இருக்கு, அளவுக்கு கார கொண்டு வரணுமா, இல்ல அளவெடுத்துட்டு வந்தாப் போதுமா?

குடந்தை_வெத்தல

கார கொண்டாந்துருங்க, அதான் நல்லது. மடத்துத்தெரு பக்கம் வந்துட்டு இங்க ஒரு வரி போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.